இருநூறில் ஒன்று குறைவு

சங்கத்துச் சொத்து: கூடாரம் இரண்டு,
தவலை ஒன்பது, சாம்பிராணிச் சட்டி ஒன்று,
பிளாஸ்டிக் நாற்காலி இருநூறு.
கையிருப்பு நூற்றுத் தொண்ணூற்றொன்பது.
இருபத்தாறு வருஷமாய் இந்தக் கணக்கை
எழுதுகிறவன் நான்.

உறுப்பினர் எண் நூற்றுப் பதினான்கு, லோகாம்பாள்,
ஜேக்கப்ஸ் சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைத்தவள்,
செவ்வாய் விடியலில் போனாள்.
மாதம் பதினைந்து ராண்ட், பிறகு முப்பது, பிறகு அறுபது,
ஒரு சந்தாவும் பிந்தியதில்லை.

ஆனால் அவள் இசிப்பிங்கோ கடலில்
வெள்ளுடுப்போடு முங்கி எழுந்தவள்.
சாட்ஸ்வொர்த் முழுக்கத் தெரியும்.
பணம் வாங்கிய பொருளாளருக்கும் தெரியும்.
பணத்தில் உப்பு வாசனை இல்லை,
அதனால் அவர் கேட்கவில்லை.

இரவு எட்டுக்கு அவசரக் கூட்டம்.
நான்காம் விதியைப் படி என்றார்கள். படித்தேன்.
'நம்மவர்' என்ற சொல் அதில் மூன்று தடவை வருகிறது.
யார் என்று ஓரிடத்திலும் இல்லை.

ஒரு காலத்தில் அதைச் சர்க்கார் சொன்னது.
கதவில் தாள் ஒட்டி, லாரி அனுப்பி,
கேட்டோ மேனர் சரிவிலிருந்து எங்களை அள்ளி
இந்தச் சரிவில் கொட்டி,
தெருவுக்குப் பேர்கூட வைக்காமல் எண் போட்டது.
தமிழன், தெலுங்கன், குஜராத்தி, கும்பிட்டவன், தொழுதவன்,
அத்தனை பேருக்கும் அட்டையில் ஒரே சொல்.
அன்று லாரியில் லோகாம்பாள் எனக்கு எதிரே இருந்தாள்.
எட்டு வயசு. மடியில் கோழிக்கூண்டு.
அவளிடம் யாரும் விதி படித்துக் காட்டவில்லை.

"அவங்களுக்குத்தான் சர்ச் இருக்கே" என்றார் ஒருவர்.
"இன்னிக்கி இவளுக்குக் கொடுத்தா நாளைக்கி..." என்றார் இன்னொருவர்,
முடிக்கவில்லை.
முடியாத அந்த வாக்கியத்துக்குத்தான்
நாங்கள் அதிகம் பயந்தோம்.

அவள் மகன் நெவிலுக்கு ஒன்பது வயதில் மூளைக்காய்ச்சல்.
பதினோரு ராத்திரி, கிட்டாரும் கையுமாய்
யாரோ வந்து கட்டிலருகே விழித்திருந்தார்கள்.
எங்கள் சங்கம் சாவுக்கு வரும்.
காய்ச்சலுக்கு வருகிற விதி எங்களிடம் இல்லை.
இதை நான் எழுந்து சொல்லியிருக்கலாம்.

ஆகஸ்டில் என் மகள் கல்யாணம்.
கூடாரம் வேண்டும், தவலை வேண்டும்,
இந்த முகங்கள் முன்வரிசையில் வேண்டும்.
பக்கத்துக் கை எழுந்தது.
என் கையும் எழுந்தது.
எழுந்த பிறகுதான் பார்த்தேன் என்று எழுத ஆசை.
பொய்.
வீட்டில் சட்டை மாட்டும்போதே தெரியும்.

கட்டிய சந்தாவைத் திருப்பித் தருவது என்று
ஏகமனதாய் முடிவு. அது நியாயமாம்.
கவரைக் கொண்டுபோக என்னைத்தான் அனுப்பினார்கள்.

முற்றத்தில் சர்ச்சின் மடக்கு நாற்காலிகள்.
பெட்டிக்குள் லோகாம்பாள், நெற்றியில் ஒன்றுமில்லை.
விபூதி கூடாது என்று அவர்களுக்கும் ஒரு நான்காம் விதி.
அவள் தங்கச்சி கைப்பைக்குள் எதையோ இறுக்கிப் பிடித்திருந்தாள்,
திறக்கவில்லை, மூடவுமில்லை.

நெவில் கவரை எண்ணவில்லை.
ரொட்டி டப்பா மேல் வைத்தான்.
"உட்காருங்க அங்கிள்" என்று
அடுப்படியிலிருந்து ஒரு நாற்காலி இழுத்தான்.
பச்சை. ஒரு காலைக் கம்பி சுற்றிக் கட்டியிருந்தது.
முதுகில் சிவப்புப் பெயின்ட்டில் என் கையெழுத்து:
ம.ச.ச. 87.
"அம்மா இதுலதான் உக்காந்து தைப்பாங்க."

உட்கார்ந்தேன்.
பாஸ்டர் வந்தார், எல்லாரும் எழுந்தார்கள்.
எனக்கு எழுவதா இருப்பதா தெரியவில்லை.
கம்பி தொடையில் குத்திக்கொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை மாதக் கூட்டம்.
முதலில் ஆகஸ்டுக்கு என் கூடாரத்தைப் பதிந்தார்கள்.
பிறகு இருப்புக் கணக்கு. நாற்காலி எத்தனை?

நூற்றுத் தொண்ணூற்றொன்பது என்றேன்.
ஒன்று இன்னும் கிடைக்கவில்லை.